இருபத்தெட்டாம் மாடிக்கு மேலே

மகதலேனா கிரிகரி ஏறிய லிஃப்ட் இருபத்தெட்டாம் மாடியில் நிற்காமல் வானத்துக்குப் போனது 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாம் வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு. அன்று பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு ஆறு ரிங்கிட், மழை இல்லை, கொமுட்டர் ரயில் வழக்கம்போல் இருபது நிமிடம் தாமதம். இதைத் தேதியோடு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘இருபத்தெட்டுக்கு மேல’ என்ற பாட்டு ஊரெல்லாம் ஓடத் தொடங்கியபிறகு, அதன் பின்னணி இதுதான் என்று ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். யூடியூபில் அந்தப் பாட்டுக்குக் கீழே போய்ப் பாருங்கள். போதைப்பொருளைப் பற்றிய பாட்டு என்கிறான் ஒருவன். வேலை கிடைக்காத பட்டதாரியைப் பற்றியது என்கிறான் இன்னொருவன். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அறிவிப்பாளர் வாய் கூசாமல் அது நவீன மனிதனின் தனிமையைப் பற்றியது என்று மைக்கில் சொன்னார். தனிமையாம், மண்ணாங்கட்டி! அது ஒரு லிஃப்டைப் பற்றிய பாட்டு. அதில் போன எங்கள் பெண்ணைப் பற்றிய பாட்டு. உலகத்தில் எந்த மனிதப்பிறவியும் போகாத தூரத்துக்கு ஒரு செந்தூல்காரி போனாள், அவ்வளவுதான்.

மகதலேனாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. செந்தூல் ரயில் பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த கிரிகரியின் ஒரே மகள். கிரிகரி போய்ச் சேர்ந்தபிறகு பட்டறைக்குப் பக்கத்து நிலத்தில் இருபத்தெட்டு மாடியில் ஒரு கொண்டோ எழும்பியது. அதன் பெயர் இங்கே வேண்டாம், வீட்டு விலை விழுந்துவிடும் என்று குடியிருப்பவர்கள் பயப்படுகிறார்கள். அங்குள்ள லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் அறுபது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக இவள் வேலை பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, தொழில் அவ்வளவு சுத்தம். மற்றவர்கள் அரை நாள் தடவுகிற கோளாறை மோட்டார் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவாள். கணவன் ரேமண்ட் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடையில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பான். நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை, ஸ்டெஃபனி.

லிஃப்ட் வேலைக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. வேலை தொடங்குமுன் கீழ்த்தளக் கதவில் மஞ்சள் பலகை மாட்டவேண்டும். மாட்டியவர்தான் அதைக் கழற்றவேண்டும், மந்திரியே வந்தாலும் இன்னொரு கை தொடக்கூடாது. லிஃப்டுக்குள் தனியாக இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை இன்டர்காமில் கீழே தகவல் சொல்லவேண்டும். மேல்மாடியையும் கீழ்மாடியையும் தொட்டுப் பார்க்காமல் சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. நிறையப் பேர் பாதியிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மகதலேனா போனதில்லை. அன்றும் பலகையை மாட்டினாள். கார்ட் ஹவுஸில் இருந்த காவலாளி பழனியப்பனிடம், “அண்ணே, டாப் வரைக்கும் போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு ஏறினாள். லிஃப்ட் இருபத்தெட்டைத் தொட்டது. வெளியே இருந்த எண் பெட்டி இருபத்தொன்பது என்று காட்டியது. முப்பது, முப்பத்தொன்று என்று அது போய்க்கொண்டே இருந்தது. பழனியப்பன் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது நூற்றுப்பன்னிரண்டு.

தீயணைப்புக்காரர்கள் வந்து எல்லா மாடிக் கதவுகளையும் திறந்து பார்த்தார்கள். உள்ளே வெறும் சுவர்தான் இருந்தது. மொட்டைமாடியில் மோட்டார் ரூமின் கூரை, அதற்கென்றே வெட்டி வைத்ததுபோல் சதுரமாகத் திறந்திருந்தது, இரும்புக் கயிறு அதன் வழியே நேராக வானத்துக்குப் போயிற்று. காற்றில் ஆடவில்லை, பின்னால் பெய்த மழையின் நீரும் அதில் வழியவில்லை. போலீஸ்காரர்கள் அறிக்கையில் லிஃப்ட் இல்லை, ஆள் இல்லை, கயிறு உண்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் மேலே போனால் அதற்குச் சமமான எடைக்கட்டை கீழே போகவேண்டும் அல்லவா, அது பூமியைத் துளைத்துக்கொண்டு எக்வடார் நாட்டில் ஒரு சோளக் காட்டில் வெளியே வந்தது. அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், அதில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்துக் கடிதம் போட்டார்கள். அவர்களுக்கு அதனால் தொந்தரவு இல்லை, மாடு கட்ட வசதியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எண் பெட்டிதான் பெரிய சிக்கலாகப் போயிற்று. மூன்று இலக்கத்துக்குச் செய்த பெட்டியில் இலக்கங்கள் கொள்ளாமல் வெளியே வழிந்து, சுவரோரம் வரிசைகட்டி நின்றன. கொண்டோவின் நிர்வாகக் குழுத் தலைவர் வீரசிங்கம் அவற்றுக்கு இடம் விடுவதற்காகத் தபால் பெட்டிகளை எதிர்ச் சுவருக்கு மாற்றவேண்டியதாயிற்று.

சரியாக ஒரு வருடம் கழித்து, அதே மார்ச் இரண்டாம் வியாழக்கிழமை ஒன்பதரைக்கு, இன்டர்காம் அடித்தது. பழனியப்பன் எடுத்தார்.

“அண்ணே, அரை மணி ஆச்சு, ரிப்போர்ட் பண்றேன். மாடி போயிட்டே இருக்கு லா. டாப் பார்த்துட்டுத்தான் வருவேன். லேட்டாயிடும் போல, ரேமண்டுகிட்ட சொல்லி ஸ்டெஃபனிய தாடிகாவுலேருந்து எடுத்துக்கச் சொல்லுங்க.”

தாடிகா என்றால் எங்கள் ஊரில் பாலர் பள்ளி, லா என்பது பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் சொல். பன்னிரண்டு மாதமாகப் பிள்ளையை அப்பன்தான் கூட்டிப்போகிறான் என்று எப்படிச் சொல்வது? “எடுத்தாச்சும்மா, நீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டார். மூன்று நிமிடம் ஆனதும் இணைப்பு தானாக அறுந்தது, அந்த இன்டர்காமின் வழக்கம் அப்படி. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் வந்து, மிக வேகமாகப் போகிறவர்களுக்கு நேரம் மெதுவாகப் போகும், அவளுக்கு அரை மணி என்பது நமக்கு ஒரு வருடம் என்று விளக்கினார். ஃபெடரல் ஹைவே நெரிசலில் உட்கார்ந்து கிழவனானவர்களுக்கு இது ஒன்றும் புதிய செய்தி அல்ல. ஆனால் லிஃப்டின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவருக்கே குழப்பம் வந்தது, இந்த வேகத்துக்கு இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாதே என்றார். “லிஃப்டுக்குத் தெரியுமா லா உங்க கணக்கு?” என்று பழனியப்பன் கேட்டார். பேராசிரியர் டீ குடித்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து வருடம் ஒருமுறை ரேமண்டும் ஸ்டெஃபனியும் அந்த வியாழக்கிழமை கார்ட் ஹவுஸுக்கு வந்துவிடுவார்கள். மேலே ஒருத்தி தனியாக இருக்கிறாள், உண்மை தெரிந்தால் பயந்துபோவாள், அதனால் எவரும் வாய்திறக்கக் கூடாது என்பது ரேமண்டின் கட்டளை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தான். ஐந்து வயதில், ஆறு வயதில், ஏழு வயதில், “அம்மா, அப்பா கூட்டிட்டு வந்துட்டாரு, சாப்டேன்” என்ற ஒரே வாக்கியத்தைத்தான் ஸ்டெஃபனி சொன்னாள். 2014இல் லிஃப்ட் நிலாவைத் தாண்டியது, அன்று பன்னிரண்டு கோடியே எண்பது லட்சத்துச் சொச்சம் மாடி. செந்தூல் பாசார் சந்தையில் மிட்டாய் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில், கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில், சாலைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் பயணத்துக்குக் காரணம் கேட்டார். மனைவி விண்வெளியிலிருந்து கூப்பிடுகிறாள் என்று ரேமண்ட் சொன்னான். அவர் அதைத் தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார், அந்தத் தாள் இன்னும் ரேமண்டிடம் இருக்கிறது.

கொண்டோவில் இருந்தது இரண்டே லிஃப்ட். ஒன்று வானத்துக்குப் போய்விட, இருபத்தெட்டு மாடிக்கும் மற்றது ஒன்றுதான். ஜனங்கள் கத்தாமல் இருப்பார்களா? ஒவ்வொரு கூட்டத்திலும் கயிற்றை வெட்டிவிட்டுப் புது லிஃப்ட் போடு என்றார்கள். வீரசிங்கம் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம், விதி என்றால் விதிதான். “பலகை தொங்குது. மாட்டினவங்க இன்னும் வேலையில இருக்காங்க. அவங்க வந்து கழட்டாம நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட விடமாட்டேன்” என்று எழுந்து நின்று சொல்வார். கெட்ட மனுஷன், பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கினார். அவர் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையும் இல்லை, பாட்டும் இல்லை.

பாட்டு பிறந்தது கோபத்தில். கொரோனா கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு ரேமண்ட் போயிருந்தான். பந்தியில் இரண்டு சொந்தக்காரப் பெண்கள் அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள். “லிஃப்டாம், வானமாம். எவன்கூட ஓடிப்போனாளோ, இந்த மனுஷன் நம்பிக்கிட்டு ஃபோன் பக்கத்துல உக்காந்திருக்கான், பாவம்.” ரேமண்ட் கையைக் கழுவிவிட்டு எழுந்தான், வீட்டுக்கு வரும் ரயிலிலேயே பாட்டின் முதல் வரிகளை எழுதிவிட்டான்.

இருபத்தெட்டுக்கு மேல ஏது மாடி?
என் பொண்டாட்டி ஏறிப் போற மாடி.
நெலாவைத் தாண்டியும் நிக்காத லிஃப்டு,
நீங்க சொன்ன பேச்செல்லாம் அவ செருப்புக்குக் கீழே.

கிட்டாரோடு மட்டும் பாடினால் தேவாலயப் பாட்டு மாதிரி இருக்கிறது என்று அவனுக்கே பட்டது. கிள்ளான்காரர்களின் காதில் விழவேண்டும் என்றால் கிள்ளான் மேளம்தான் வேண்டும். கிஷன் என்று ஒருவன், கிள்ளானில் உறுமி மேளக் குழு வைத்திருப்பவன், உறுமியைத் தேய்த்தால் புலி உறுமும். உறுமிக்காரர்களுக்கு இரண்டு பெரிய அடிகள் உண்டு. ஒன்று சாமியை இறங்கச் சொல்லி அழைக்கும் அடி, மற்றது பிணத்தைத் தூக்கி வழியனுப்பும் அடி. கிஷனின் குழுவுக்கு அந்தக் கொரோனா இரண்டு வருடமும் கோயில் திருவிழா கிடையாது, கிடைத்ததெல்லாம் சாவு வீடு. கைக்கு அந்த அடிதான் பழகிக் கிடந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஸ்டூடியோவில் ரேமண்ட் பாட, எலெக்ட்ரிக் கிட்டார் கதற, கிஷனின் ஆட்கள் என்ன அடிக்கிறோம் என்று யோசிக்காமலே பிணம் எடுக்கும் அடியை அடித்தார்கள். அடேயப்பா, என்ன வேகம்! கேட்டவன் காலை ஆட்டாமல் இருக்க முடியாது. கோயிலில் வளர்ந்த ஓர் ஆள் அந்த அறையில் நின்றிருந்தால் அப்போதே நிறுத்தச் சொல்லியிருப்பான். ரேமண்ட் பாடகர் குழுவில் வளர்ந்தவன், அவனுக்கு எல்லா மேளமும் ஒன்றுதான்.

2022இல் பாட்டு வெளிவந்தது. மூன்றே மாதத்தில் லோரி டிரைவர் முதல் வக்கீல் வரை அதைத்தான் கேட்டார்கள். கிள்ளானில் அதே சொந்தக்காரப் பெண்கள், “அது எங்க மகதலேனா லா” என்று பெருமை பேசத் தொடங்கினார்கள். ரேமண்ட் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். சினிமா நடிகன் மாதிரி கறுப்புக் கண்ணாடிகூடப் போட்டுக்கொண்டான், அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் பரிகாசத்தைத் தின்றவன் அவன்.

2023 மார்ச்சில் இன்டர்காம் அடித்தது. ரேமண்ட் பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“ரேமண்ட், கீழ யாருக்குச் சாவு?”

“யாருக்கும் இல்லையே. ஏன்?”

“சாவு மேளம் கயித்துல ஏறி வருது. ஒவ்வொரு அடிக்கும் லிஃப்ட் குதிக்குது லா. பொணத்தைத் தூக்கிட்டுப் போற மாதிரி என்னைத் தூக்கிட்டு ஓடுது. எவனோ நல்லாத்தான் அடிக்கிறான். நிறுத்தச் சொல்லு, எனக்குப் பயமா இருக்கு.”

இணைப்பு அறுந்தது. பதினேழு வயது ஸ்டெஃபனி, பழனியப்பன் தினமும் எண்களைக் குறித்து வைத்திருந்த நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். பாட்டு வெளியான நாளில் எண் எகிறியிருந்தது. தீபாவளியன்று எல்லா வானொலியும் அதைப் போட்டபோது ஒரே நாளில் நாற்பது கோடி மாடி. யாரோ ஒரு கல்யாணத்தில் மூன்று தடவை திரும்பத் திரும்பப் போட்ட நாள்கூட அதில் தெரிந்தது. “அப்பா, நீங்க பாடப் பாட அம்மா தூரம் போறாங்க” என்றாள். ரேமண்ட் கார்ட் ஹவுஸ் நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் பெயரைக் காப்பாற்றுவதற்காகச் செய்த பாட்டு அவளையே துரத்திக்கொண்டிருந்தது. அன்றோடு அவன் அதைப் பாடுவதை விட்டான், கறுப்புக் கண்ணாடியையும் விட்டான். ஆனால் ஊரை எப்படி நிறுத்துவது? தயவுசெய்து போடாதீர்கள் என்று அவன் கேட்க, அதுவே செய்தியாகி, இன்னும் பத்து மடங்கு பேர் போட்டார்கள்.

மறு வருடம் மணி அடித்ததும் அப்பன் கையை நீட்டுமுன் ஸ்டெஃபனி ரிசீவரை எடுத்துக்கொண்டாள்.

“அம்மா, நான் ஸ்டெஃபனி. நாங்க பொய் சொல்லிட்டோம். எனக்கு இப்ப பதினெட்டு வயசு. நீங்க போய்ப் பதினாலு வருசம் ஆச்சு.”

“தெரியும்டி. நாலாவது தடவ பேசினப்பவே தெரியும். அதுக்கு முன்னாடி முன்பல்லு விழுந்த வாயோட பேசின, அரை மணி கழிச்சுப் பல்லு மொளச்சிருந்துச்சு. மோட்டார் சத்தத்துல கோளாறு சொல்றவளுக்குப் பெத்த புள்ள குரலு தெரியாதா?”

“அப்புறம் ஏம்மா சொல்லல?”

“சொன்னா உங்கப்பா அழுவாரு. ஸ்டாப் பட்டனைக் காலையிலேருந்து அழுத்திட்டுத்தான் இருக்கேன், கேக்க மாட்டேங்குது. முதல்ல டாப் பார்த்துட்டு வருவோம்னு நெனச்சேன். இப்ப டாப் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எறங்கணும்டி எனக்கு. எப்படியாச்சும் என்னை எறக்குங்க.”

அந்தக் குரலைக் கேட்டவர்கள் எவரும் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கிஷன் விஷயம் தெரிந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். தப்பு என்னுது என்று ரேமண்டின் கையைப் பிடித்துக்கொண்டான். அனுப்புகிற அடி ஒன்று இருந்தால் அழைக்கிற அடியும் இருக்கிறது, அதை அடிப்போம் என்றான். ரேமண்ட் தயங்கினான். ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிற குடும்பம். “தம்பி, அது சாமிய கூப்பிடுற அடி. என் பொண்டாட்டி சாமியா?”

“சாமியா இல்லையான்னு அவங்களே எறங்கி வந்து சொல்லட்டும் அண்ணே” என்றான் கிஷன்.

பாட்டின் இரண்டாம் பாதி அப்படி வந்ததுதான். மூன்றாவது நிமிடத்தில் அடி சட்டென்று மாறி, ஸ்டெஃபனியின் குரல் “எறங்கி வா, எறங்கி வா, எட்டெட்டு மாடியா எறங்கி வா” என்று தொடங்குகிறதே, ஏன் என்று இசை விமர்சகர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். காரணம் இதுதான், வேறொன்றும் இல்லை. பாட்டின் கடைசியில் மேளம் நிற்காமல் தேய்ந்து மறைவதற்கும் காரணம் உண்டு. அழைக்கிற அடியைத் தொடங்கிவிட்டால் அழைத்தவர் வந்து இறங்கும்வரை நிறுத்தக்கூடாது. கிஷனின் ஆட்கள் ஸ்டூடியோவிலும் நிறுத்த மறுத்து, அடித்துக்கொண்டே கதவைத் திறந்து, படியிறங்கி, கார் நிறுத்துமிடம் வரை போனார்கள். ஆனாலும் பலன் இல்லை. வானொலிக்காரர்கள் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு பாட்டைப் போடமாட்டார்கள், அவர்கள் வெட்டிப் போட்டது முதல் பாதி மட்டும்தான். வீட்டில் முழுதாகக் கேட்பவர்களுக்கும் பாட்டு முடிந்துவிடுகிறது, நாலு நிமிடம் கூப்பிட்டால் யார் வருவார்கள்? எண் ஏறிக்கொண்டே இருந்தது. செப்டம்பர் கூட்டத்தில் குடியிருப்பவர்கள் ஓட்டெடுப்பு நடத்தி வீரசிங்கத்தைத் தோற்கடித்தார்கள். 2025 ஏப்ரல் முதல் தேதி கயிறு வெட்டப்படும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வீரசிங்கத்தின் தலைவர் பதவி மார்ச் கடைசி வரை இருந்தது.

இனி லிஃப்டின் காலடியில் நின்று நேராக அடிப்பதுதான் வழி. தைப்பூசம் முடியாமல் ஒரு உறுமிக் குழுவும் கைக்குக் கிடைக்காது, எனவே பிப்ரவரி போகும்வரை ரேமண்ட் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். மார்ச் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை கிஷனின் குழு கீழ்த்தளத்தில் தொடங்கியது. அவர்கள் கை ஓய்ந்தால் காப்பார் ஊர்க் குழு, பிறகு செந்தூல், பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ். பதினோரு குழுக்கள், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தைகூட இல்லாதவர்கள், முறைவைத்து அடித்தார்கள். விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு அடித்தார்கள். இரவில் அண்டை வீட்டாருக்காக விரல்நுனியால் மட்டும் அடித்தார்கள், ஆனால் நிறுத்தவில்லை. சத்தத்துக்குச் சட்டப்படி இடம் வேண்டுமே என்று வீரசிங்கம் ‘வீடு புதுப்பிக்கும் வேலை’ என்று அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுத்தார். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பொய் அது. எக்வடாருக்கும் மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லித் தகவல் அனுப்பினார். தேவாலயப் பாடகர் குழுப் பெண்கள் முதல் நாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் உள்ளே வந்து கைதட்டினார்கள். புகார் கொடுத்த குடித்தனக்காரர்களே மூன்றாம் நாள் பானை நிறைய டீ போட்டுக்கொண்டு வந்தார்கள். ரேமண்ட் கிட்டாரைக் கழற்றவே இல்லை. இப்படி ஒரு மேளம் இந்த நாட்டில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கப்போவதில்லை. அங்கே நின்று கேட்டவன் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எண் நின்றது. ஒரு மணி நேரம் அதே எண். பிறகு கடைசி இலக்கம் ஒன்று குறைந்தது. பழனியப்பன் நோட்டில் அதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே போட்டார். திங்கட்கிழமை இலக்கங்கள் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்பின. புதன்கிழமை நிலாவைத் தாண்டிக் கீழே வந்தாள். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு இன்டர்காம் அடிக்கவில்லை. அப்போதும் ரேமண்டின் கை கிட்டார் தந்தியைவிட்டு எழவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டி நூறு என்று காட்டியது. ஐம்பது. இருபத்தெட்டு. அங்கே நிற்காமல் வந்தது. சரியாக ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. அவள் கைக்கடிகாரத்திலும் ஐந்துதான். ஏழரை மணி நேர வேலை.

அதே நீலச் சட்டை, அதே முப்பத்தொரு வயது, தோளில் கருவிப் பை, முகத்தில் களைப்பு. மேளம் இன்னும் ஓயவில்லை. சாமி இறங்கினால் யார் வந்திருப்பது என்று கேட்டு, பெயர் சொன்னபிறகுதான் அடியை நிறுத்துவது வழக்கம். பழக்கதோஷத்தில் கிஷன் உரக்கக் கேட்டுவிட்டான்: “யாரு வந்திருக்கறது?”

“மகதலேனா கிரிகரி, லிஃப்ட் சர்வீஸ்” என்றாள்.

பதினோரு குழுவும் ஒரே அடியில் நிறுத்தின. ஆறு நாளுக்குப் பிறகு வந்த அந்த அமைதியில் எல்லோருக்கும் காது கூசியது. அவள் ரேமண்டைப் பார்த்தாள், முடி நரைத்த ரேமண்டை, ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். அங்கே பத்தொன்பது இருபது வயதுப் பெண்கள் முப்பது பேராவது நின்றிருந்தார்கள். காலையில் அவள் விட்டுவந்த பிள்ளை இடுப்புயரம். ஒவ்வொரு முகமாகத் தேடினாள், தெரியவில்லை.

“ஸ்டெஃபனி, எங்கடி இருக்க? ஏதாச்சும் பேசுடி.”

ஸ்டெஃபனி முன்வரிசையில்தான் நின்றாள். பதினைந்து வருடமாகப் பேசக் காத்திருந்தவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மகதலேனாவின் கண் அவளைக் கடந்து பின்வரிசைக்குப் போயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் பேசு பேசு என்று அவள் முதுகைத் தட்டினார்கள். கடைசியில் உடைந்த குரலில் அவளுக்கு வந்தது இவ்வளவுதான்: “சாப்டீங்களாம்மா?”

மகதலேனா கருவிப் பையைக் கீழே போட்டாள். தன்னைவிட ஒரு சாண் உயரமான மகளைக் கட்டிக்கொண்டு, தலையை எட்டிப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வீரசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கிஷன் விம்மி விம்மி அழுதான், நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சற்றுக் கழித்து மகதலேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்வீஸ் தாளை எடுத்தாள். மேல்மாடி என்ற இடத்தில் ‘காணவில்லை’ என்றும், மற்றவை என்ற இடத்தில் ‘நன்றாக ஓடுகிறது’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பலகையைக் கழற்றினாள். அன்று மாலையே குடித்தனக்காரர்கள் அந்த லிஃப்டில் காய்கறிப் பைகளோடு ஏறி வீட்டுக்குப் போனார்கள், அது இருபத்தெட்டில் ஒழுங்காக நின்றது.

அவர்கள் மூவரும் செந்தூலில் ஆறு மணி கொமுட்டரில் ஏறினார்கள். நல்ல கூட்டம். ரேமண்ட் கிட்டாரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். ஸ்டெஃபனி அம்மாவின் கையை விடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே உட்கார்ந்திருந்த ஓர் ஆன்டி, கிள்ளானுக்குப் போகிறவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அக்காவாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல ஆன்டி, அம்மா” என்றாள் ஸ்டெஃபனி, வண்டி முழுக்கக் கேட்கும்படி. “இருபத்தெட்டுக்கு மேல வேலைக்குப் போயிருந்தாங்க. இப்பத்தான் எறங்குனாங்க.”

“அப்படியா, ரொம்பத் தூரம் லா அது, கால் வலிக்கும். உக்காரச் சொல்லு” என்று அந்த ஆன்டி தன் பையை மடியில் எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.